விலை உயர்ந்த சென்டரை விற்கும் முன்: ரூடி கோபேர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றில் ஓர் அணி தோற்ற மறுநாள், ரசிகர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது சென்டரின் (வளையத்தருகே நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரரின்) சம்பளத்தைத்தான். "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாயிண்ட்தானா? வேறு அணிக்கு டிரேட் செய்து கொடுத்துவிட்டு வேறு ஆளைக் கொண்டு வாருங்கள்!" சென்டர் ரூடி கோபேரைப் பற்றி இதைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யூட்டா ஜாஸ் அணியில் இருந்தபோதும் சொன்னார்கள், 2022-ல் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸுக்குப் போன பிறகும் சொன்னார்கள்.

அவரை விற்கவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. யூட்டா அவரை விற்றது நல்ல வியாபாரம். மினசோட்டா அவரை வாங்கியதும் வீண்போகவில்லை. இரண்டுமே உண்மை என்பதால்தான், இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

முதல் தவறு, பாயிண்டை எண்ணுவது. கோபேர் ஏழடிக்கு மேல் உயரம். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் தன் காவலரைத் தாண்டி வளையத்தை நோக்கிப் பாய்கிறார். அந்த நீண்ட கைகளைப் பார்த்ததும் பாதியில் நின்று பந்தை வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறார். போடாமல் விட்ட அந்த லே-அப் (வளையத்தருகே ஓடிவந்து எளிதாகப் போடுவது) எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறாது. பிளாக் (எதிரணி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) கணக்கில் ஆட்டத்துக்கு இரண்டுதான் வரும், பயந்து திரும்பியவை எத்தனை என்று யாரும் எழுதுவதில்லை. என்பிஏவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. யாரையும் நெருங்கிக் காவல் காக்காமல், வளையத்தின் முன்னுள்ள வர்ணப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் அவர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பார். அடுத்த முறை ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, முன்னால் நிற்பவர்கள் கோட்டை விட்டதற்குப் பின்னால் நிற்பவரைத் தண்டிப்பது. 2021 ஜூன் 18, லாஸ் ஏஞ்சலஸில் கிளிப்பர்ஸ் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஆறாவது ஆட்டம். அந்த சீசனில் 52 வெற்றி, 20 தோல்வி என்று லீக்கிலேயே முதலிடம் பிடித்த அணி யூட்டா. கிளிப்பர்ஸ் பக்கம் நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனார்ட் காயத்தால் ஆடவில்லை. யூட்டா ஒரு கட்டத்தில் 25 பாயிண்ட் முன்னிலையில் இருந்தது. கிளிப்பர்ஸ் என்ன செய்தார்கள்? சென்டரே இல்லாமல், ஐந்து பேரையும் வெளியே பரப்பி நிறுத்தினார்கள். கோபேர் காவல் காக்க வேண்டியவர் டெரன்ஸ் மான், அவரோ மூலையில் நிற்கிறார். பந்து வைத்திருப்பவர் தன்னைக் காக்கும் யூட்டாவின் கார்டை (வெளிவட்டத்தில் ஆடுபவரை) ஒரே எட்டில் தாண்டி உள்ளே வருகிறார். கோபேர் இப்போது எங்கே போவது? வளையத்தைக் காக்க வந்தால் மூலையில் மான் தனியாக இருக்கிறார். மானிடம் போனால் லே-அப். அவர் வளையத்துக்கு வந்தார், பந்து மூலைக்குப் போனது, மான் மூன்று பாயிண்ட் போட்டார். திரும்பத் திரும்ப இதே கதைதான். மான் 39 பாயிண்ட் குவித்தார். கிளிப்பர்ஸ் இரண்டாம் பாதியில் மட்டும் 81 பாயிண்ட் போட்டு 131-119 என்று ஜெயித்துத் தொடரை முடித்தார்கள்.

மறுநாள் பழி முழுக்க கோபேர் தலையில். யூட்டாவின் கார்டுகளில் டானவன் மிட்செல் கணுக்கால் வலியோடு ஆடினார், மைக் கான்லி அந்தத் தொடரில் இறங்கியதே அந்த ஆட்டத்தில்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் தாண்டப்பட்ட பிறகுதான் சிக்கல் கோபேரிடம் வந்து சேர்ந்தது. வேலி போன பிறகு வாசலில் நிற்பவர் ஒருவரே நான்கு பக்கமும் காக்க முடியாது. அந்தக் காணொளியை மறுபடி பார்ப்பவர்கள், மான் பந்தை எறியும் இடத்தில் அல்லாமல், அதற்கு நான்கு விநாடி முன்பிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு துண்டுக் காணொளியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் இதே ரகம். 2024-ல் லீக்கின் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் மினசோட்டா டாலஸுடன் மோதிய இரண்டாவது ஆட்டத்தில், மூன்று விநாடி மீதமிருக்க, டாலஸின் லூகா டான்சிச் கோபேரை எதிரே வைத்துக்கொண்டே பின்னால் துள்ளி மூன்று பாயிண்ட் போட்டார். டாலஸ் 109-108 என்று ஜெயித்தது. அந்தக் காட்சி எனக்கும் வலித்தது. ஆனால் அதே சீசனில் மினசோட்டா லீக்கிலேயே சிறந்த தடுப்பாட்ட அணி. கோபேர் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்காவது முறையாக வாங்கி, டிக்கெம்பே முட்டோம்போ, பென் வாலஸ் இருவரின் சாதனையைச் சமன் செய்ததும் அந்த சீசனில்தான். ஒரு சீசனின் 82 ஆட்டத்தை மூன்று விநாடியால் அழிக்க முடியுமா?

சரி, பணத்துக்கு வருவோம். 2020 டிசம்பரில் யூட்டா அவருக்கு ஐந்து வருடத்துக்கு 20.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பெரிய தொகைதான். ஆனால் சம்பளத்தைத் தனியாகப் பார்ப்பது தவறு. அவர் போனால் மிச்சமாகும் இடத்தில் யார் வருவார், வருபவரால் வளையத்தைக் காக்க முடியுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டாலஸ் 2011-ல் கோப்பை ஜெயித்த கையோடு, சம்பள வரம்புக்குள் இடம் வேண்டும் என்று தன் சென்டர் டைசன் சாண்ட்லரைப் போகவிட்டது. அவர் நியூயார்க் போய் அடுத்த சீசனிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். டாலஸ் அதன் பிறகு ஒரு பிளே-ஆஃப் தொடரை ஜெயிக்க 2022 வரை காத்திருந்தது. உப்பில்லாவிட்டால்தானே உப்பின் அருமை தெரியும். (அப்படி 2022-ல் டாலஸ் ஜெயித்தது கோபேரின் யூட்டாவை. அதுதான் அங்கே அவருடைய கடைசித் தொடர்.)

இன்னொன்று, டிரேட் என்பது நினைத்த மாத்திரத்தில் நடக்கும் காரியம் இல்லை. இரு பக்கச் சம்பளமும் விதிப்படி பொருந்த வேண்டும். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2023 ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு, அதிகம் செலவழித்து, மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த இரண்டாவது உச்ச வரம்பைத் தாண்டிய அணி, பல ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, அனுப்பும் சம்பளத்தைவிட அதிகமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. "கொடுத்துவிட்டு இரண்டு நல்ல ஆட்டக்காரரை வாங்கு" என்பது பேச எளிது.

யூட்டா ஏன் சரியாகச் செய்தது என்கிறேன்? கோபேருக்கு முப்பது வயது ஆகியிருந்தது, அணி பிளே-ஆஃபில் ஒரே சுவரில் மோதிக்கொண்டிருந்தது, விலை உச்சத்தில் இருந்தது. கிடைத்தவை: நான்கு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் (புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை), ஒரு வாய்ப்பை மாற்றிக்கொள்ளும் உரிமை, ஐந்து ஆட்டக்காரர்கள். அந்த ஐவரில் ஒருவர் வாக்கர் கெஸ்லர். வளையத்தைக் காக்கத் தெரிந்த இளம் சென்டர், புதியவருக்கான குறைந்த சம்பளம். அதாவது யூட்டா சென்டரை விற்கும்போதே அடுத்த சென்டரைக் கையில் வாங்கிக்கொண்டது. அப்புறம் மிட்செலையும் கிளீவ்லாண்டுக்கு அனுப்பிவிட்டு அணியை அடியோடு புதிதாகக் கட்டத் தொடங்கியது. பாதிக் கிணறு தாண்டவில்லை.

மினசோட்டாவைப் பார்த்து அவசரப்பட்டவர்கள்தான் அதிகம். கோபேர் வந்த முதல் சீசன் 42 வெற்றி, 40 தோல்வி. முந்தைய வருடத்தைவிட நான்கு வெற்றி குறைவு. அது போதாதென்று, கடைசி லீக் ஆட்டத்தில் கோபேர் தன் அணிக்காரரான கைல் ஆண்டர்சனையே குத்தப் போனார். "வரலாற்றிலேயே மோசமான டிரேட்" என்று எழுதாதவர்கள் குறைவு. அடுத்த சீசன் 56-26. பணம் நெருக்கியபோது, 2024-ல் அணி நியூயார்க்குக்கு அனுப்பியது நிறைய பாயிண்ட் போடும் கார்ல்-ஆந்தனி டவுன்ஸை. கோபேரை வைத்துக்கொண்டது. அவரும் பழைய ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தை எடுத்துக்கொண்டு 4.66 கோடி டாலர் பெறும் உரிமையை விட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு 11 கோடி என்று குறைத்துக் கையெழுத்திட்டார். சம்பளம் அதிகம் என்றால் விற்பது ஒன்றுதான் வழி என்பதில்லை.

2025 பிளே-ஆஃபில் மினசோட்டாவின் முதல் எதிரி லேக்கர்ஸ். அவர்கள் பிப்ரவரியில் வளையத்தைக் காத்த ஆந்தனி டேவிஸைக் கொடுத்து டான்சிச்சை வாங்கியிருந்தார்கள். டான்சிச் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஆனால் டேவிஸின் இடத்துக்குக் கொண்டுவந்த மார்க் வில்லியம்ஸ் மருத்துவச் சோதனையில் தேறவில்லை என்று அந்த டிரேடை அவர்களே ரத்து செய்தார்கள். வளையத்தடி காலியாகவே இருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டா 47 முறை மூன்று பாயிண்டுக்கு எறிந்து ஏழுதான் போட்டது. அப்படி எறிந்தால் எந்த அணியும் தோற்கும். கோபேர் அன்று 27 பாயிண்டும் 24 ரீபவுண்டும் (குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். மினசோட்டா 103-96 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது.