ஒரு கண்ணில் பார்வை மறைந்து திரும்பினால் செய்யக்கூடாத தவறுகள்

திடீரென்று ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்குகிறது. மேலிருந்து சாம்பல் நிறத் திரை இறங்குவது மாதிரி இருக்கிறது. வலி கிடையாது. சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி தெளிவாகிவிடுகிறது. பார்வை வந்ததும் பயம் போய்விடுகிறது. தூக்கம் போதவில்லை, கண் களைத்துவிட்டது, கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இதில் நடக்கும் தவறுகளிலேயே பெரிய தவறு இதுதான்.

கண்ணுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, கழுத்தில் ஓடும் கரோட்டிட் தமனியிலிருந்து பிரிந்து வருகிறது. மூளையின் பெரும்பகுதிக்கும் அதே தமனிதான். அதன் உள்சுவரில் கொழுப்பு படிந்திருந்தால், அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்துபோய் விழித்திரையின் மெல்லிய தமனியை அடைத்துவிடும். அந்தத் துணுக்கு உடைந்து நகர்ந்ததும் பார்வை திரும்பும். அடுத்த துணுக்கு மூளைப் பக்கம் போனால் பக்கவாதம். கனடா நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1952இலேயே இந்தத் தொடர்பை எழுதிவைத்தார்: ஒரு கண்ணில் பார்வை போய்ப்போய் வந்த சிலருக்கு, பின்னர் உடம்பின் எதிர்ப்பக்கம் செயலிழந்தது. இப்படி வந்துபோகும் அடைப்புக்குப் பின் பக்கவாத ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். அதனால் "இன்னொரு தடவை வந்தால் பார்க்கலாம்" என்று காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே, பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

கண்ணில்தானே பிரச்சினை என்று கண்ணாடிக் கடைக்கோ, ஒரு வாரம் கழித்துக் கண் மருத்துவரிடமோ போகிறவர்கள் நிறையப் பேர். கண் மருத்துவர் பார்ப்பதும் அவசியம்தான். கண்மணியை விரித்துப் பார்க்கும்போது, விழித்திரைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் மஞ்சளாக மினுங்கும் ஒரு கொழுப்புத் துணுக்கு சில சமயம் சிக்கிக்கொண்டிருக்கும். ஹாலன்ஹார்ஸ்ட் என்ற மருத்துவர் 1961இல் விவரித்த அடையாளம் அது. ஆனால் பல பேருக்குக் கண் முழு நலமாகவே தெரியும், ஏனென்றால் துணுக்கு ஏற்கெனவே போய்விட்டது. "கண்ணில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக வீடு திரும்பிவிடாதீர்கள். கழுத்துத் தமனியில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் கரோட்டிட் டாப்ளர் ஸ்கேன், மூளைக்கு எம்ஆர்ஐ, இதயத்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர முடியும். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டியும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடக்கும். பார்வை மறைந்திருக்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கத் தோன்றுவதில்லை. மூளையில் அடைப்பு இருந்தால் இரண்டு கண்களிலுமே வலது பாதி மறையலாம். பலர் அதை "வலது கண் தெரியவில்லை" என்றுதான் சொல்வார்கள். ஒரு கண்ணைக் கையால் மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, திரையாக இறங்கியதா, மூட்டமாக இருந்ததா, கூடவே கை கால் மரத்ததா, பேச்சு குழறியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு ஸ்கேன் அளவுக்கு உதவும் தகவல் இது.

வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் ஒன்றை மறக்கவே கூடாது. நெற்றிப்பொட்டுத் தமனியில் வரும் அழற்சி நோய் ஒன்று உண்டு. நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது உச்சந்தலை நோவது, சாப்பாட்டை மெல்ல மெல்லத் தாடை வலித்து, நிறுத்தினால் சரியாவது, காரணமில்லாமல் எடை குறைவது, தோள்பட்டையில் இறுக்கம் எல்லாம் அதன் அறிகுறிகள். தாடை வலிக்குப் பல் மருத்துவரையும், தலைவலிக்குக் கடை மாத்திரையையும் தேடுவதால், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் வழிகாட்டும். சந்தேகம் வலுவாக இருந்தால், தமனியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும்வரை காத்திராமல் அதிக அளவு ஸ்டீராய்டை உடனே தொடங்குவார்கள். ஸ்டீராய்டு என்றதும் பயந்து தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டால், சிகிச்சை இல்லாதபட்சத்தில் சில நாட்களிலேயே மறு கண்ணும் போகலாம்.

பார்வை திரும்பாமலே இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். விழித்திரைக்கு ரத்தம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் அது மீளாத சேதமாகிவிடும். சில பக்கவாத மையங்களில், நாலரை மணி நேரத்துக்குள் வருபவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பது பற்றி யோசிப்பார்கள். அந்த நேரத்தில் சொட்டு மருந்து விட்டு, படுத்து எழுந்து பார்ப்போம் என்று இருந்துவிடுவது கொடுமையான இழப்பு. மின்னல் வெட்டுகளும் கறுப்புப் புள்ளிகளும் வந்து, பிறகு ஓரத்தில் நிழல் விழுந்து அப்படியே நின்றால், விழித்திரை பிய்ந்து விலகுகிறதோ என்று பார்க்க வேண்டும். அதற்கும் அன்றைக்கே கண் மருத்துவர் வேண்டும்.

இளம் வயதில் இது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலிதான் என்று முடிவு கட்டிவிடுவதும் சரியில்லை. ஒற்றைத் தலைவலியில் வரும் மினுங்கும் வளைகோடுகள் வழக்கமாக இரண்டு கண்களிலும் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் என்றால், மற்ற காரணங்களையெல்லாம் விலக்கிய பிறகுதான் அந்தப் பெயர் வைக்கலாம். கண் சிமிட்டினால் தெளிவாகிற மங்கல், உலர்ந்த கண்ணால் இருக்கலாம். விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் கண்வலியும் இருந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். குனிந்தாலோ எழுந்தாலோ சில நொடிகள் இருட்டினால், மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருட்டறையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க மறு கண்ணால் ஃபோன் பார்த்துவிட்டு எழுந்தால், ஃபோன் பார்த்த கண் சற்று நேரம் தெரியாது. அது ஆபத்தில்லாத விஷயம். ஆனால் இவற்றில் எது என்று பிரிக்க வேண்டியவர் மருத்துவர்.

ஆஸ்பிரின் நல்லது என்று கேள்விப்பட்டு, பரிசோதனைக்கு முன்னால் தானாகவே விழுங்குவதும் வேண்டாம். எல்லாருக்கும் அது ஏற்றதல்ல, அது தேவையா என்று மருத்துவர் சொல்லட்டும்.

கழுத்துத் தமனியில் அடைப்பு 70 சதவீதத்துக்கு மேல் என்று தெரிந்தால், அதைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அறிகுறி வந்த இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். "இப்போது நன்றாகத்தானே தெரிகிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தேதியைத் தள்ளினால் அந்தப் பலன் குறைந்துகொண்டே போகும். அறுவை தேவைப்படாதவர்களுக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்த அழுத்த மாத்திரை என்று தருவார்கள். புகைப்பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். நான்கைந்து மாதம் ஒன்றும் வராததால் மாத்திரையைத் தானே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றும் வராமல் இருந்ததே அந்த மாத்திரையால்தான் என்றிருக்கலாம். நிறுத்துவதோ குறைப்பதோ, எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.