அம்மையைக் கூட்டி வந்திருக்கிற குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு: தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டால்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மையையோ மாமியையோ வரவழைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வையுங்கள். தீட்டு நின்று ஒரு வருஷம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். "சூட்டுக்கு வந்திருக்கும், ஊருக்குப் போய் நெய்யூர்ல காட்டிக்கலாம்" என்று அவர்கள் மாதக்கணக்கில் மறைப்பார்கள், விடாதீர்கள். 10 பேரில் 9 பேருக்கு இது புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் பிறப்புறுப்பு வறட்சியோ சின்னப் பாலிப்போ (சதை வளர்ச்சி) தான். மீதி ஒருவருக்கும் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் கர்ப்பப்பையை எடுப்பதோடு பெரும்பாலும் குணமாகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஜி.பி.யை, அதாவது குடும்ப டாக்டரை. விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கும் ஜி.பி.யைப் பார்க்கக் காசு இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்குப் பில் வரும். இன்சூரன்ஸைப் பாருங்கள்; ஊருக்குத் திரும்பும் நாள் பக்கத்தில் இருந்தால் இறங்கின வாரமே அங்கே காட்டிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் அட்மிட் ஆக வேண்டாம், அன்றைக்கே வீடு திரும்பலாம். பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியை வைத்து ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உள்பூச்சு எத்தனை தடிமன் என்று பார்ப்பார்கள். 4 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாக அதோடு சரி. தடித்திருந்தாலோ ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, மெல்லிய குழாயால் கொஞ்சம் சதை எடுக்கும் பயாப்ஸி, அல்லது கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிராஸ்கோபி. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வலியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சிலருக்குத் தீட்டு வலி மாதிரி கொஞ்ச நேரம் பிடித்து இழுக்கும், சிலருக்குத் தாங்கவே முடியாது. ஒத்துக்கொள்ளும் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் இபுப்ரோஃபென் போடலாம். மரத்துப்போக ஊசியும் கேட்கலாம். நடுவில் "நிறுத்துங்க" என்றால் நிறுத்தியே ஆக வேண்டும், மயக்கம் கொடுத்து இன்னொரு நாள் செய்யச் சொல்லவும் உரிமை உண்டு. நம்ம ஊர் அம்மைமார் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்களே தவிர வாய் திறக்க மாட்டார்கள், அதனால் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று, மகனை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். எத்தனை நாளாய் ரத்தம் போகிறது, உறவு கொள்ளும்போது வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் மகன் முன்னால் எந்தத் தாய் பதில் சொல்வார்? அப்பாயின்ட்மென்ட் வந்ததுமே போன் போட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

பயாப்ஸியோ ஹிஸ்டிராஸ்கோபியோ முடிந்த பிறகு சில நாள் லேசாக ரத்தம் படலாம், பேட் போதும். காய்ச்சல், நாற்றம், ரத்தம் கூடுவது இருந்தால் உடனே 111-க்கு (மருத்துவ உதவி போன் எண்) அழையுங்கள்.