ராட்மிலோவிச்சைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பிரிட்டனின் நீச்சல் வீரரும், வாட்டர் போலோ (தண்ணீரில் நீந்தியபடி கோல் போடும் பந்தாட்டம்) ஆட்டக்காரருமான பால் ராட்மிலோவிச் என்றாலே "வாட்டர் போலோவில் 4 ஒலிம்பிக் தங்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். வாட்டர் போலோவில் 3தான்: 1908 லண்டன், 1912 ஸ்டாக்ஹோம், 1920 ஆன்ட்வெர்ப். நான்காவது, 1908-இல் 4x200 மீட்டர் தொடர் நீச்சலில் வந்தது. அணியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, கடைசி நேரத்தில் கிடைத்த இடம் அது. பெல்ஜியத்தை 9-2 என்று வாட்டர் போலோ இறுதியில் வென்ற சூடு ஆறுவதற்குள் மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

அடுத்த குழப்பம் 1906. ஏதென்ஸில் நடந்த அந்தப் போட்டியிலும் அவர் நீந்தினார்; ஆனால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 1908 முதல் 1928 வரை 5 ஒலிம்பிக். இதைச் சொல்லாமல் விட்டால், ஒரே கட்டுரையில் மேலே 5, கீழே 6 என்று வந்து நிற்கும்.

பெயரை வைத்து வெளிநாட்டுக்காரர் என்றோ, பிரிட்டன் அணி என்பதால் ஆங்கிலேயர் என்றோ எழுதுவதும் உண்டு. 1886-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். அப்பாதான் குரோஷியர்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. இன்றைய நீலக் குளத்தையும் வேகமான ஆட்டத்தையும் அப்படியே அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அன்று பந்து தோலால் ஆனது, தண்ணீர் குடித்துக் கனக்கும். நடுவர் விசில் ஊதினால் பந்து மறுபடி ஆட்டத்துக்கு வரும்வரை எல்லாரும் இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. 1908-இல் குளமே ஓட்டப்பந்தயத் தடத்துக்குள் வெட்டிய 100 மீட்டர் தொட்டி. ஆன்ட்வெர்ப்பிலோ பழைய கோட்டை அகழி. தண்ணீர் சில்லென்று, கலங்கலாக இருக்கும். அங்கேதான் 34 வயதில், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, வெற்றி கோலைப் போட்டார். பெல்ஜியம் 3-2 என்று தோற்றது. கொதித்துப்போன உள்ளூர்க் கூட்டத்திடமிருந்து பிரிட்டன் அணியைக் காவலர்கள்தான் காப்பாற்றி அழைத்துப்போனார்கள். இத்தனையையும் "மூன்றாவது தங்கம் வென்றார்" என்ற ஒரே வரியில் முடித்தால் எப்படி?

அப்புறம், கதையை 1920-லேயே நிறுத்திவிடாதீர்கள். நாற்பதை நெருங்கும் வயதிலும் நெடுந்தூர நீச்சலில் தேசியப் பட்டங்கள் வென்றவர் அவர். 4 தங்கம் என்ற பிரிட்டன் சாதனையை 2000-இல் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் ஐந்தாவது தங்கம் வென்றுதான் தாண்டினார். ராட்மிலோவிச் அதற்கு 32 ஆண்டுகள் முன்பே, 1968-இல், காலமாகிவிட்டார்.