கிரிப்டிக் குறுக்கெழுத்து: குறிப்பை வெட்டுவது முதல் விமர்சனம் எழுதுவது வரை

"கழுத்தில் விழும் பொழுது (2)". வார இறுதிப் புதிரில் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததும், எது விழும் பொழுது என்று யோசிக்கத் தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதான் அமைத்தவர் அப்படி எழுதியிருக்கிறார். "பொழுது" இங்கே நேரம். கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. மா, லை என்று இரண்டு கட்டம். இது இரட்டைப் பொருள் குறிப்பு: இரண்டு முனையும் ஒரே விடைக்கு நேர்பொருள்.

மற்ற கிரிப்டிக் குறிப்புகளில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று நேர்பொருள், அதாவது சாதாரணக் குறுக்கெழுத்தில் வரும் விளக்கம். மற்றது அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும் சொல்விளையாட்டு. நேர்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முடிவில் இருக்கும். நடுவில் வராது. முதல் வேலை, குறிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்ப்பது.

முதலில் எந்தக் குறிப்பு?

எழுத்துகள் தாளிலேயே கிடக்கும் குறிப்புகளில் தொடங்குங்கள். கலைந்து, குழம்பி, சிதறி, உடைந்து போன்ற சொற்கள் வந்தால் பக்கத்துச் சொல்லை மாற்றி அடுக்க வேண்டும். உள்ளே, மறைந்து, ஒளிந்து என்று வந்தால் விடை அப்படியே தொடர்ச்சியாக இருக்கலாம்.

"வெகு திரைகளுக்குள் மறைந்தது லாயத்தில் இருக்கும் (3)". "வெகு திரைகள்" என்று யாரும் பேசுவதில்லை. நடை இடறும் இடத்தில்தான் எழுத்துகளைப் பார்க்க வேண்டும்: வெ-குதிரை-களுக்குள்.

"கொடு மானை, குளத்தில் பூப்பதை (3)". கொடு என்றால் தா, மானில் ஒரு வகை மரை. சேர்த்தால் தாமரை.

"திரும்பி வந்த சிவா, படி (2)". சிவாவைத் திருப்பினால் வாசி.

"கவிஞர் தருவது கதைக்குள் விதியின் தொடக்கம் (3)". இங்கே நேர்பொருள் முன்னால் இருக்கிறது. விதியின் தொடக்கம் வி. அதைக் கதைக்குள் வைத்தால் க-வி-தை.

உருபை உரித்தல்: எல்லோரும் இடறும் இடம்

ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்களும் தமிழில் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் சொல் பெரும்பாலும் சிதையாமல் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டினால் சொல்லின் வால் மாறிவிடும்.

"நகரத்தைக் கலைத்தால் பாவிகள் சேருமிடம் (4)". தாளில் இருப்பதை எண்ணினால் ந, க, ர, த், தை, க் என்று ஆறு வரும். கேட்பதோ நான்கு. ஆகவே உருபை உரித்து நகரம் என்று எடுக்க வேண்டும். உரிக்கும்போது மூன்று வகையை நினைவில் வைத்தால் போதும்:

- த்தை, த்தில், த்தின், த்துக்கு என்று முடிந்தால் மூலச்சொல் பெரும்பாலும் ம்-இல் முடியும். பயணத்தின் என்றால் பயணம்.
- ட்டை, ற்றில் என்று இரட்டித்தால் டு, று. வீட்டை என்றால் வீடு, ஆற்றில் என்றால் ஆறு.
- புள்ளி எழுத்து உருபோடு கலந்திருந்தால் புள்ளியைத் திருப்பித் தர வேண்டும். கடலில் என்பதன் மூலச்சொல் க-ட-ல்.

விதிவிலக்கு ஒன்றுதான், ஆனால் முக்கியமானது: ஒளிந்திருக்கும் வகையில் உரிக்கக் கூடாது. அங்கே தாளில் அச்சான எழுத்துகளையே எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு விதமாகவும் எண்ணி, அடைப்புக்குள் இருக்கும் எண்ணோடு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

இனி நகரத்தைக் கலைப்போம். நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. புள்ளி எழுத்து முதலில் வராது. ம் நடுவில் வந்தால் அதற்குப் பின் ப, ம, ய, வ வரிசைதான் நிற்கும், அவை இங்கே இல்லை. ஆகவே ம் கடைசிக் கட்டத்துக்குப் போகிறது, மிச்சம் 6. ர தமிழ்ச்சொல்லின் முதலில் வராது (ரதம், ரகசியம் மாதிரி வந்தவை உண்டு, அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்), மிச்சம் 4. அதில் ஒன்று நகரமே. மீதி மூன்றில் பொருள் தருவது நரகம் மட்டும். எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். வரிசையில் எழுதினால் கண் பழைய சொல்லையே படித்துக்கொண்டிருக்கும்.

கூட்டுக் குறிப்பு ஒன்று, முழுவதுமாக

"கைக்குள் சிக்கிய ராமன் மகன் இறுதியை இழந்தால் ஊரெங்கும் அமளி (5)"

நேர்பொருள் எந்த முனை? "கை" என்பதற்கு ஐந்து எழுத்தில் எதுவும் சட்டென்று வரவில்லை. "ஊரெங்கும் அமளி" பொருந்தும்போல் இருக்கிறது. மிச்சத்தில் "உள் சிக்கிய" என்றால் ஒன்றுக்குள் ஒன்று. "இறுதியை இழந்தால்" என்றால் கடைசி எழுத்து போக வேண்டும். கைக்கு மூன்றெழுத்தில் கரம். ராமன் மகன் என்றதும் குசன் வந்தால் கு, ச உள்ளே போகும். எப்படி வைத்தாலும் சொல் அமையாது. லவன் என்று எடுத்தால் ல, வ. க-லவ-ரம்: கலவரம்.

இழப்பது எப்போதும் முதலோ கடைசியோ ஆக வேண்டியதில்லை. "பயணத்தின் இரண்டாம் கட்டத்தை விட்டுவிட்டால் பையில் மிஞ்சுவது (3)" என்பதில் போவது ய. விடை பணம்.

குறுக்கே வரும் எழுத்துகள்

ஆங்கிலக் கட்டத்தில் ஓர் எழுத்து 26-இல் ஒன்று. தமிழில் 247-இல் ஒன்று. குறுக்கே ஒரு "தூ" கிடைத்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. ஆகவே ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட, நீளமான விடை ஒன்றைப் பிடித்து அதன் குறுக்கே இறங்குவது தமிழில் வேகம் தரும்.

மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் புள்ளி எழுத்தோ, ற, ழ, ள, ண, ன வரிசை எழுத்தோ விழுந்தால் இடமிருந்து வலம் போட்டது தவறு. சொல்லின் கடைசியில் க், ச், த், ப் விழுந்தாலும் அப்படியே.

கருவிகள்

2பி பென்சில். அதைவிடக் கடினமானது செய்தித்தாளைக் கிழிக்கும், இரண்டு முறை அழித்தால் கட்டமே போய்விடும். பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். இரட்டைப் பொருள் குறிப்புகளுக்கு சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி. ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே அமைந்த பகுதி அது, எந்தச் செயலியையும்விட உதவும். ஓரெழுத்து ஒருமொழிகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். நன்னூல் கணக்குப்படி 42. கா என்றால் சோலை, ஆ என்றால் பசு, கோ என்றால் அரசன், நா என்றால் நாக்கு. துண்டு துண்டாகக் கட்டும் குறிப்புகளில் இவை திரும்பத் திரும்ப வரும்.

விமர்சனம் எழுதுவது

பரிசுப் புதிர் என்றால் விடை அனுப்பும் கடைசி நாள் முடியும்வரை எதையும் வெளியிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு விடைக்கும் இப்படி ஒரு வரி போதும்:

கலவரம்: நேர்பொருள் "ஊரெங்கும் அமளி". கரம் (கை) உள்ளே லவன், ன் இல்லாமல்.

எழுத்துக் கலைப்புக்கு மூலச்சொல் பக்கத்தில் நட்சத்திரக் குறி, திருப்புவதற்கு இடப்பக்க அம்பு. நேர்பொருளுக்கு அடிக்கோடு.

மதிப்பிட லண்டன் ஞாயிறு இதழ் அப்சர்வரில் 1939 முதல் 1971 வரை ஸிமனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மெக்நட்டின் அளவுகோலே போதும்: துல்லியமான நேர்பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, அதற்குமேல் எதுவும் கூடாது. குறிப்பின் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு "உனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். வேலையில்லாத சொல் இருந்தால் விமர்சனத்தில் சொல்லுங்கள். நேர்பொருள் பெயர்ச்சொல்லாக இருந்து விடை வினையாக வந்தால் அதையும் சொல்லுங்கள். நகரக் குறிப்பையே எடுத்தால், "நகரத்தைக் கலைத்தால்" என்பதைவிட "நகரம் கலைந்தால்" என்று எழுதியிருப்பது மேல். போடுபவர் உருபை ஊகிக்க வேண்டியிருக்காது. விடையின் எழுத்துகளில் பாதியாவது குறுக்கே வெட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். மூன்றெழுத்து விடையில் ஒரே எழுத்து வெட்டப்பட்டால் அது கட்ட அமைப்பின் குறை.

உங்களுக்கு விடை வராமல் போனது குறிப்பின் குறை ஆகிவிடாது. விடை தெரிந்த பிறகும் ஒரு துண்டு ஒட்டவில்லை என்றால் மட்டும் குறை எழுதுங்கள்.

பின்சேர்க்கை: ஒற்று

இந்தக் குறிப்புகளைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது இது. பூ + செடி என்று கட்டினால் மூன்று எழுத்து, பூச்செடி என்றால் நான்கு. நடுவில் வரும் ச் எங்கிருந்து? சில அமைப்பாளர்கள் சந்தியில் தானாக வரும் என்று விட்டுவிடுகிறார்கள், சிலர் அதற்கும் ஒரு துண்டு வைக்கிறார்கள். கட்டம் ஒன்று மட்டும் கூடுதலாக இருந்து, துண்டுகள் சேரும் இடத்தில் க, ச, த, ப வரிசை எழுத்து நின்றால் ஒற்றைப் போட்டுப் பாருங்கள். ஒரே புதிரில் ஓரிடத்தில் ஒற்றுக்குத் துண்டு கொடுத்து, இன்னோரிடத்தில் கொடுக்காமல் விட்டிருந்தால் அதை விமர்சனத்தில் கட்டாயம் குறிக்க வேண்டும்.