ஊருக்குள் உளநலத் தொண்டு: மட்டக்களப்பில் தொடங்குவோருக்கு

உளநலத் தொண்டுக்கு வர விரும்புபவர், தம் வேலையின் எல்லையை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நோயைக் கண்டறிவதும் மருந்து தருவதும் வைத்தியரின் பொறுப்பு. உளவளத்துணை (மன ஆலோசனை) வழங்குவது அதற்கெனப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரின் பொறுப்பு. வீட்டுக்குச் சென்று இருந்து கேட்பதும், கிளினிக் நாளில் துணைக்குப் போவதுமே தொண்டருக்கு உரியவை. படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வாவியைக் கடந்து வைத்தியசாலைக்கு வர அரை நாள் கூலியை இழக்கும் ஒருவருக்கு, அந்தத் துணை சிறிய உதவியன்று.

தனியாகத் தொடங்க வேண்டாம். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் சென்று, வாரத்தில் எவ்வளவு நேரம், எத்தனை மாதங்களுக்குத் தர முடியும் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியென்று வந்து, திட்டம் முடிந்ததும் சொல்லாமற் போனவர்களைக் கரையோர மக்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். ஆகவே, வாரம் ஒரு மணித்தியாலம் தவறாமல் வருபவரே ஆர்வத்தில் தினமும் வந்து பிறகு மறைபவரைவிடப் பயனுள்ளவர்.

மிகக் கடினமானது இரகசியம் காப்பது. குடிவழியாலும் கலியாண உறவாலும் ஊரே சொந்தமாக இருக்கும் இடத்தில், ஒருவர் மனநோய்க்கு மருந்து எடுக்கிறார் என்ற செய்தி அவருடைய தங்கையின் கலியாணப் பேச்சையே குலைத்துவிடக்கூடும். இயன்றால் சொந்த ஊரை விட்டு அடுத்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனப் பெயர் பொறித்த சட்டையோடும் கொப்பியோடும் படலையடியில் நிற்காதீர்கள். அயலவர் கேட்டால், தெரிந்தவர் வீட்டுக்கு வந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டதை உங்கள் வீட்டிலும் சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் உரியவரிடம் சொல்லவேண்டி வரும் என்பதை முதல் சந்திப்பிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

கேட்கும்போது குறுக்கே புத்திமதி சொல்வதையும், மற்றவர் துன்பத்தோடு ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயிடம், அவன் இறந்திருப்பான், அந்திரட்டிக் கிரியை செய்துவிடுங்கள் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. திரும்பி வருவான் என்று உறுதி கூறும் உரிமையும் இல்லை. அவனைப் பற்றி அவர் பேச விரும்பினால் பேசட்டும். கோயிலில் நூல் கட்டியிருந்தாலும், பள்ளிவாசலில் ஓதிப் பார்த்திருந்தாலும் அதைக் குறை கூற வேண்டியதில்லை. அதற்காக மருந்தை நிறுத்திவிடாமல் இருக்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வயலுக்கென வீட்டில் வைத்திருக்கும் பூச்சிநாசினியை வேறிடத்துக்கு அகற்றச் செய்து, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தோடு பேசலாம். அவசர நிலையில் 1990 இலக்க அம்புலன்ஸை அழைக்கலாம். பொலிசுக்குப் பயந்து சில குடும்பங்கள் தாமதிப்பதுண்டு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமன்று என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேட்டவை உங்களுக்குள் தங்கி உறக்கத்தைக் கெடுக்கத் தொடங்கினால், பொறுப்பான உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லிச் சில வாரங்கள் விலகியிருங்கள். அவ்வாறு விலகும்போதும், படிப்புக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகும்போதும், அந்த வீட்டாருக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்கள் சம்மதித்தால் அடுத்த தொண்டரை நேரில் கூட்டிச்சென்று அறிமுகப்படுத்துங்கள். அடுத்த கிளினிக் திகதியை அவரிடம் ஒப்படைக்க மறக்க வேண்டாம்.