ஒயின் பாட்டிலை வீட்டில் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஓர் உணவகத்தில் ஒயின் பாட்டில்களைக் கவனிப்பதுதான் என் வேலை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களும், பிரான்சிலிருந்து வரும்போது நாலு பாட்டில் கொண்டுவருபவர்களும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். வெயிலில், அடுப்போரத்தில் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நிற்க வைப்பது

கார்க் காய்ந்தால் சுருங்கும். ஒயின் பட்டு அது ஈரமாகவே இருக்கும்படி படுக்க வையுங்கள். திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் சரி.

இரவில் மட்டும் ஓடும் ஏசி

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. "ஏசி ரூம்லதான் வச்சிருக்கேன் அண்ணா" என்பார்கள். விசாரித்தால், ஏசி ஓடுவது இரவில் மட்டும். மே மாதத்தில் அந்த அறை இரவில் 24 டிகிரி, மத்தியானம் 35. தினமும் இந்த ஏற்ற இறக்கம்தான் ஒயினைக் கொல்கிறது.

சூடேறினால் ஒயின் விரியும். 750 மில்லி பாட்டிலில் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய 2 மில்லி கூடும். கார்க்குக்குக் கீழே இருக்கும் காலியிடமோ கொஞ்சம்தான். அழுத்தம் ஏறி, கார்க் ஓரமாகக் கசியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒருநாளில் ஒன்றும் தெரியாது. ஒரு கோடை முழுக்க நடந்தால் கதை முடிந்தது.

மகள் நிச்சயதார்த்தத்துக்கு என்று ஒருவர் பிரான்சின் போர்தோ சிவப்பு ஒயின் ஒரு பெட்டி கொண்டுவந்தார். கழுத்துத் தகட்டைத் திருகிப் பார்த்தேன். கசியாத பாட்டிலில் பெரும்பாலும் அது சுழலும். இதில் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டு அசையவில்லை. கார்க்கை உருவினால், பக்கவாட்டில் அடி முதல் உச்சி வரை சிவப்புக் கோடு. ஊற்றினால் ஓரமெல்லாம் பழுப்பு. வேகவைத்த உலர்திராட்சை வாசம். பெட்டி முழுக்க அப்படியே. படுக்கையறை அலமாரியில், ராத்திரி ஏசியில் இருந்த பாட்டில்கள். அத்தனை பணமும் போச்சு.

ஒயினுக்கு ஏற்றது 12 முதல் 14 டிகிரி. முடிந்தால் சின்ன ஒயின் கூலர் வாங்குங்கள். இல்லையென்றால் வெயிலே படாத கீழ்த்தள உள்ளறையில், தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். வெப்பம் ஏறி இறங்குவதாவது மெதுவாகும். அதுவும் சில வாரங்களுக்குத்தான்.

ஷோகேஸ் விளக்கு

நிறமில்லாத கண்ணாடியில் வரும் வெள்ளை ஒயினும் ஷாம்பெயினும் வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும். ஒயினில் இயல்பாக உள்ள ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கி, கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். வெந்த முட்டைக்கோஸ் வாடை அதனால்தான். கிரிஸ்டல் என்ற பெயரில் வரும் ஷாம்பெயினைச் செலோபேன் தாளில் சுற்றி விற்பது அழகுக்காக இல்லை. அந்தத் தாளை உரிக்காதீர்கள்.

வருடக்கணக்கில் ஃப்ரிட்ஜ்

வேண்டாம். உள்ளே காற்று வறண்டது, கார்க் காய்ந்துவிடும்.

பழசானால் ருசி கூடும் என்று காத்திருப்பது

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்தவை. நாசிக் வெள்ளை ஒயினை மகன் கல்யாணத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

திறந்த பிறகு

சிவப்பும் ஃப்ரிட்ஜுக்குத்தான். மீதியைச் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடினால் மூன்று நாள் தாங்கும். அப்புறம், சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.