காலிப் புலத்தில் பூச்சியம் போடாதீர்கள்

தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை (தொழிலாளரின் வருகையும் வேலையும் பதியும் பேரேட்டை) கணினிக்கு மாற்றும்போது பலரும் சறுக்குகிற இடம், ஒன்றும் எழுதப்படாத கட்டம், அதாவது காலிப் புலம்தான். அதில் எதையாவது போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பெரும்பாலும் போடப்படுவது பூச்சியம்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு அக்கா திங்கள் முதல் வெள்ளி வரை 20, 22, 18, 24, 16 கிலோ கொழுந்து எடுக்கிறார். சனிக்கிழமையும் மலைக்குப் போகிறார், ஆனால் தராசு பழுது, நிறை பதியவில்லை. அந்தக் கட்டத்தை ‘நல்’ (NULL, மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறி) என்று விட்டால், சராசரி எடுக்கும்போது தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் (SQL) அந்த நாளை ஒதுக்கிவிட்டு 20 என்று காட்டும். டிபோல்ட்டாக (எதுவும் தராதபோது தானாகவே விழும் மதிப்பாக) 0 வைத்திருந்தால் 100ஐ 6ஆல் வகுத்து 16.67 என்று வரும். நாள் முழுக்க மழையில் நின்றவருக்கு இது அநியாயம்.

வேலைக்கு வராதது வேறு, வந்தும் நிறுக்காதது வேறு. நிறை புலம் ஒன்றே இரண்டையும் சொல்லாது. வருகைக்குத் தனிப் புலம் வையுங்கள்: முழுப்பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள்), வரவில்லை. அதற்கு டிபோல்ட்டே வேண்டாம்; பதிகிறவர் பார்த்துத் தெரிவு செய்யட்டும்.

பிறந்த திகதியில் செய்யும் பிழை இன்னும் பாரதூரமானது. சான்றிதழ் கைவசம் இல்லாதவருக்கு, படிவம் கேட்கிறதே என்று 1970-01-01 போட்டுவிடுகிறார்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுக்கும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. இந்தப் பொய்த் திகதியால், நாற்பது வயதுப் பெண் ஒருவர் பணம் எடுக்கும் வயதை எட்டியவர்களின் பட்டியலில் வந்து நிற்பார். திகதி தெரியாவிட்டால் புலத்தைக் காலியாகவே விடுங்கள். கட்டாயப் புலம் என்று பூட்டி வைத்தால் பதிகிறவர் பொய்த் திகதிதான் எழுதுவார்.

அடையாள அட்டை எண் இரண்டு பேருக்கு வரக்கூடாது என்று யுனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாத கட்டுப்பாடு) போடுவது சரி. ஆனால் அட்டை இல்லாதவருக்கு வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை; இதுவும் ஒரு மதிப்புதான்) சேமித்தால், அட்டை இல்லாத இரண்டாவது ஆள் பதிவாகவே மாட்டார். தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் ‘நல்’ எத்தனை பேருக்கும் இருக்கலாம். எஸ்கியூஎல் சேர்வர் சாதாரண யுனிக்கில் ஒரு ‘நல்’லை மட்டுமே விடும். ஒராக்கிளோ வெற்றுச் சரத்தையே ‘நல்’ என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், டிபோல்ட் வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பதிவைச் சேர்க்கும் கட்டளையில் அந்தப் புலத்தின் பெயரே இல்லாதபோதுதான் டிபோல்ட் வேலை செய்யும். பெயரைச் சொல்லி ‘நல்’ என்று அனுப்பினால் ‘நல்’தான் உட்காரும், அல்லது பிழை வரும்.

எல்லாவற்றிலும் அதிகம் இழப்பது திருத்தும்போதுதான். ஒருவரின் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றத் திறக்கிறீர்கள். அந்தத் திரையில் வங்கிக் கணக்கு எண் காட்டப்படவில்லை. சேமிக்கும்போது மென்பொருள் எல்லாப் புலங்களையும் திருப்பி எழுதினால், வங்கி எண் சத்தமில்லாமல் காலியாகும். சம்பள நாளில்தான் தெரியவரும். மாறிய புலத்தை மட்டும் எழுதச் செய்யுங்கள். உண்மையிலேயே அழிக்கவேண்டிய எண் என்றால் அதற்குத் தனி பட்டன் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் என்றால், 1970-01-01 எத்தனை பதிவில் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேர் பிறந்திருந்தால், கணக்கப்பிள்ளையிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து ஆளாளாகக் கேட்டுத்தான் திருத்தவேண்டும்.